நாற்பது சென்டில் பிச்சியா, அரளியா? தோவாளைச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பூச்சந்தைக்குப் பெயர்போன தோவாளை, அதை ஒட்டிய ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர், மாதவலாயம் பக்கம் முப்பது, நாற்பது சென்ட் நிலம் வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி இது. நெல்லை விட்டாயிற்று, வாழை காற்றில் சாய்ந்து சாய்ந்து மனம் வெறுத்தாயிற்று. பூ வைக்கலாம் என்று முடிவெடுத்து விட்டார்கள். பிச்சி (ஜாதிமல்லி) வைப்பதா, அரளி வைப்பதா என்பதில்தான் தடுமாற்றம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள், அப்பா வைத்த பிச்சி முதிர்ந்துபோனதால் அதைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் பிச்சியே வைக்கலாமா என்று யோசிப்பவர்கள் என்று பலரும் இதைக் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தை விலையை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். விடிவதற்கு முன்னால் உங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் நின்று பறிப்பார்கள் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். தண்ணீர், மண், காற்று, வாங்குகிற ஆள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதை எதை வைத்து அளக்க வேண்டும்

பிச்சியும் அரளியும் ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருந்தாலும் ஒன்றுக்கொன்று உறவில்லாத செடிகள். பிச்சி மல்லிகை, முல்லை வகையறா. அரளிக்கு உறவு நித்தியகல்யாணி. பூச்சி வேறு, நோய் வேறு, தண்ணீர்த் தேவை வேறு. மல்லிகை வைத்துப் பழகியவருக்கு பிச்சி புதிதாகத் தெரியாது. அந்த அனுபவம் அரளிக்குப் பெரிதாக உதவாது. அதனால் 'எல்லாம் பூச்செடிதானே' என்ற எண்ணத்தோடு இறங்க வேண்டாம்.

அளக்க வேண்டியவை ஐந்து. பறிக்க ஆள். பங்குனி முதல் வைகாசி வரை தண்ணீர். மண்ணும் காற்றும். எந்த மாதத்தில் யார் வாங்குகிறார்கள் என்பது. கடைசியாக, யாரும் முதலில் சொல்லாத செலவுகளும் ஆபத்துகளும். இந்த ஐந்தும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதலாவது ஒன்றே பாதித் தராசைப் பிடித்துக்கொள்ளும்.

நாற்பது சென்டுக்கு ஒரு மேலோட்டமான படம்:

| | பிச்சி | அரளி |
|---|---|---|
| நடவு இடைவெளி | 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் | 2 மீட்டருக்கு 2 மீட்டர் |
| செடிகள் | ஏறத்தாழ 540 | ஏறத்தாழ 400 |
| நாற்று | பதியன் (தாய்ச்செடியிலேயே வேர்விடவைத்துப் பிரித்த கிளை) அல்லது வேர்விட்ட குச்சி | முற்றிய குச்சி |
| கவாத்து (கிளை வெட்டுதல்) | டிசம்பர் கடைசி | பூ குறையும்போது, கட்டாயமில்லை |
| பூக்காலம் | சித்திரை முதல் கார்த்திகை வரை மும்முரம் | வருடம் முழுவதும், கோடையில் அதிகம் |
| கோடைத் தண்ணீர் | தவறாமல் வேண்டும் | சில நாள் பொறுக்கும் |
| பறித்த பூ தாங்குவது | அன்றைக்கே விற்றாக வேண்டும் | மொட்டாக இருந்தால் மறுநாள் வரை |

இந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் அரளி சுலபமாக ஜெயித்துவிடும். ஆனால் பிச்சி ஒரு கிலோ விற்கிற பணத்துக்கு அரளி பல கிலோ விற்க வேண்டும்.

பிச்சி

தோவாளைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பூக்களில் பிச்சிக்குத் தனி இடம். மொட்டை விரலில் எடுத்துப் பாருங்கள். நீண்ட மெல்லிய காம்பு, வெள்ளை மொட்டு, இதழின் புறத்தில் இளஞ்சிவப்பு தீற்றியதுபோல் ஒரு சாயம். அந்தச் சாயத்தைப் பார்த்ததும் மல்லிகை வேறு, பிச்சி வேறு என்று தெரிந்துவிடும். மணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்க் கல்யாணமானாலும் மலையாளக் கல்யாணமானாலும் மணப்பெண்ணின் தலைக்குப் பிச்சி வேண்டும். குமரி மாவட்டத்துப் பிச்சிக்கு இரண்டு மாநிலத்துக் கல்யாண வீடுகளும் வாடிக்கை. இதுதான் அதன் பெரிய பலம்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ 1 பிச்சியும் கோ 2 பிச்சியும் எக்டேருக்கு 10 டன்னுக்கு மேல் தரக்கூடியவை. கோ 2, பூவெல்லாம் பச்சை இலைபோல் மாறிவிடும் நோயை ஓரளவு தாங்கும். புதிதாக வைப்பவர்கள் பக்கத்து வயலில் ஒடித்த குச்சியை வாங்குவதைவிட ரகம் தெரிந்த பதியனைத் தேடி வாங்குவது நல்லது. அந்த நோய் ஒரு செடியில் வந்தால் அதை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நோய்ச் செடியிலிருந்து குச்சி எடுத்தால் நோயும் சேர்ந்தே வரும்.

இனி கணக்குக்கு வருவோம். எக்டேருக்கு 10 டன் என்றால் நாற்பது சென்டுக்கு வருடத்துக்குச் சுமார் 1,600 கிலோ. மும்முரமான எட்டு மாதத்துக்கு அதைப் பங்கிட்டால் தினமும் ஆறரை, ஏழு கிலோ. ஆராய்ச்சித் திடலில் கிடைக்கும் விளைச்சல் நம் வயலில் கிடைக்காது. பாதியென்றே வைத்துக்கொள்வோம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் ஒரு கிலோ பிச்சி என்பது பத்தாயிரம் மொட்டுக்குப் பக்கம். மூன்று கிலோ என்றால் முப்பதாயிரம் மொட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, காம்பு ஒடியாமல், விரிந்த பூவை விட்டு, அன்றைக்கு விரியப்போகிற மொட்டை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். நாளைய மொட்டைக் கிள்ளிவிட்டால் நாளைய வருமானம் போயிற்று. கை பழகியவருக்கே ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெயில் ஏறுவதற்குள் பூ சந்தைக்குப் போய்விட வேண்டும்; அதனால் நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வேலை தொடங்கும்.

மாதவலாயம் பக்கம் பிச்சி வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது: "பிச்சி நல்ல பூதான் அண்ணாச்சி, கடன் அடைத்ததும் அதுதான், மகளைப் படிக்க வைத்ததும் அதுதான். ஆனால் வீட்டில் ஒரு துக்கம் என்றாலும் காலையில் பறித்துவிட்டுத்தான் போக வேண்டும்." பிச்சியைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பறிக்காமல் விட்ட நாளில் அன்றைய பூ மட்டும் வீணாவதில்லை. விரிந்து வாடிய பூ செடியிலேயே அழுகும், பூச்சி அடையும், மறுநாள் பறிப்பவருக்கு வேலை இரட்டிக்கும்.

அடுத்தது விலை. செய்தித்தாளில் 'தோவாளையில் பிச்சி விலை எகிறியது' என்ற தலைப்பைப் படித்துத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். கிலோ ஆயிரத்தைத் தாண்டும் நாள்கள் உண்டு என்பது நிஜம். அந்தத் தலைப்பு எந்த மாதத்தில் வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மார்கழி, தை. பனி விழுந்து, கவாத்தும் செய்த பிறகு செடியில் பூ இருக்காது. பூ இல்லாததால்தான் அந்த விலை. உங்கள் தோட்டத்தில் கூடை கூடையாகப் பூ வரும் ஆடியில் நிலைமை வேறு. நமக்கு ஆடி, மலையாளிக்குக் கர்க்கடகம். இரண்டு பக்கமும் கல்யாணம் இல்லாத மாதம் ஒன்றாகவே வந்து நிற்கும். அந்த நாள்களில் விற்ற பணம் பறிகூலிக்கும் கமிஷனுக்கும் சரியாகப் போகும், சில நாள் பற்றாமலும் போகும். ஆவணி பிறந்து முகூர்த்தமும் ஓணமும் வந்தால் மூச்சு விடலாம். சத்தியமங்கலம் பக்கம் மல்லிகை விலை சரிந்தால் வாசனைத் திரவிய ஆலைக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் பக்கத்தில் நாற்பது சென்ட்காரர் அந்த வாய்ப்பை நம்பி இறங்க முடியாது. எனவே பிச்சியின் வருமானத்தை வருட சராசரியில்தான் பார்க்க வேண்டும். ஒரு முகூர்த்த நாளின் விலையை வருடம் முழுவதற்கும் பெருக்கிப் பார்ப்பது வீண் கனவு.

மருந்துச் செலவையும் சொல்லியாக வேண்டும். மொட்டுப்புழு சின்னதாக இருக்கும். நாலைந்து மொட்டை நூலால் பின்னிக்கொண்டு உள்ளே இருந்து தின்னும். துளை விழுந்து நிறம் மாறிய மொட்டைக் கண்டதும் கிள்ளி அழித்தால் பாதி அடங்கும். கோடையில் சிவப்புச் சிலந்தி இலையை வெளுக்கவைக்கும். வேரில் நூற்புழு புகுந்தால் செடி காரணம் தெரியாமல் குன்றி மஞ்சளாகும். தினமும் பறிக்கிற செடிக்கு மருந்து அடிப்பதில் உள்ள சிக்கலைப் பலர் யோசிப்பதே இல்லை. இன்று மாலை அடித்ததை நாளை விடியலில் வெறுங்கையால் பறிப்பது உங்கள் வீட்டுப் பெண்கள்தான். பிறகு அது யாரோ ஒரு பெண்ணின் கூந்தலுக்குப் போகிறது. வேப்பெண்ணெய், விளக்குப்பொறி, கையால் பொறுக்கி அழிப்பது ஆகியவற்றை முதலில் செய்து பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் மட்டும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு மருந்துக்குப் போங்கள். கடைக்காரர் கொடுக்கும் கலவையை வாங்கி அடிப்பது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

டிசம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தொழுவுரம் வைத்து, தண்ணீர் கட்டினால் பங்குனியில் தளிர்த்து மொட்டு விடும். இங்கேதான் தண்ணீர்ப் பிரச்சினை தலைகாட்டும். தோவாளைச் சானல் என்னும் பாசனக் கால்வாயில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் விட்டு பிப்ரவரி இறுதியில் நிறுத்திவிடுவார்கள். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களை மனதில் வைத்து வருவது; பிச்சியின் கணக்குக்கு வருவதில்லை. பிச்சி தளிர்க்கும் மூன்று மாதமும் சானல் வறண்டு கிடக்கும். சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இல்லாமல், பக்கத்துக்காரர் கிணற்றை நம்பிப் பிச்சி வைக்காதீர்கள். அவருக்கும் அதே மாதத்தில்தான் தண்ணீர் வேண்டும்.

அரளி

அரளியை இளக்காரமாகப் பேசும் வழக்கம் பூக்காரர்களிடமே உண்டு. வேலிச் செடி, ஹைவே நடுவில் வளரும் செடி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோயில் கொடைவிழா நடக்கும் ஊரில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் சாத்தும் மாலையைப் பாருங்கள்; செவ்வரளி இல்லாமல் அந்த அலங்காரம் நிறைவதில்லை. ஆடி மாதம் பிச்சிக்குச் சோதனையென்றால் அரளிக்கு அறுவடை. அம்மன் கோயில்கள் எல்லாம் அப்போதுதான் களைகட்டும். ஆயுத பூசைக்கு முந்தின இரண்டு நாள் அரளி விலை ஏறாத வருடம் இல்லை. கல்யாணம் நின்றாலும் பூசை நிற்பதில்லை என்பதால் அரளிக்கு அடிமட்ட விலை ஒன்று எப்போதும் உண்டு. உச்சம் மட்டும் பிச்சியின் உச்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

மொட்டு கனமானது, கொத்தாக நுனிக்கிளையில் நிற்கும், இடுப்பு முதல் தலை உயரம் வரை கைக்கு எட்டும். அதனால் பறிப்பு வேகமாக நடக்கும். அடுத்த நாள் விரியப்போகும் மொட்டைப் பறித்துவிட்டால் மறுநாள் வரை தாங்கும். கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில், ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டே நாற்பது சென்ட் அரளியைச் சமாளிக்கலாம். பிச்சியை அப்படிச் சமாளிக்க முடியாது.

குச்சி வைத்தாலே வேர் பிடிக்கும். புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வரும். ஆகையால் கிளை நீண்டு வெறிச்சோடினால் வெட்டிவிட்டால் போதும். நிழலில் வைத்தால் இலை மட்டும் தழைக்கும், பூ வராது. தென்னைக்கு ஊடுபயிராக அரளி வைக்கலாமா என்று கல்குளம், விளவங்கோடு பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

பூச்சித் தொல்லை குறைவு, இல்லை என்று சொல்ல மாட்டேன். இளந்தளிரில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சில சமயம் விரல் கனத்தில் ஒரு பச்சைப் புழு இலையை மொட்டையடிக்கும். தலைப்பக்கம் நீலக் கண் வரைந்ததுபோல் இரண்டு புள்ளி இருக்கும், பார்த்தால் பயமாக இருக்கும், தொட்டால் ஒன்றும் செய்யாது. பெரும்பாலான உயிர்கள் தொடாத இலையை இது தின்று வளரும்.

பெரும்பாலான உயிர்கள் தொடாது என்று சொன்னதை இனி விரிவாகச் சொல்ல வேண்டும். அரளியின் மறைந்த செலவு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இலை, பூ, தண்டு, வேர், விதை எல்லாமே விஷம். அதிலுள்ள ஒலியாண்ட்ரின் நேராக இதயத்தைத் தாக்கும். காய்ந்த இலையிலும் விஷம் போகாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பச்சை இலையில் நாட்டம் இருக்காது; ஆனால் வெட்டிப் போட்ட காய்ந்த தழை புல்லோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்றுவிடும். வெட்டிய கிளையை அடுப்பெரிக்கவும் கூடாது, அந்தப் புகை நல்லதல்ல. கிணற்றிலோ, மாடு குடிக்கும் தொட்டியிலோ இலை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பறிப்பவர் கையில் சாறு பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். அதே கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, சோறு தின்னும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆடு, மாடு வளர்ப்பவர்களும், தவழும் குழந்தை உள்ள வீட்டாரும், வீட்டை ஒட்டிய நிலத்தில் அரளி வைக்க வேண்டாம் என்பதை நான் வலியுறுத்திச் சொல்வேன். எவ்வளவு லாபம் வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

இந்த விஷம் சந்தையையும் தொட்டிருக்கிறது. 2024 மே மாதத்தில் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்தோடு அரளி தொடர்புபடுத்தப்பட்ட பிறகு, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. பக்தர்கள் கைக்கும் வாய்க்கும் போகும் பொருளில் கூடாது என்பதுதான் தடை. பூசைக்குப் பயன்படுத்தத் தடையில்லை. இருந்தாலும் கேரள வியாபாரத்தை மட்டும் மனதில் வைத்து அரளி நடுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு நட வேண்டும். அரளிக்குப் பதில் துளசியும் தெற்றியும் (இட்லிப்பூ) போதும் என்று ஒரு கோயில் பழகிவிட்டால் திரும்பி வர நாளாகும். நம் மாவட்டத்துக் கொடைகளும் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களும் உங்கள் முதல் கணக்கில் இருக்கட்டும், கேரளம் கூடுதலாக இருக்கட்டும்.

இன்னொரு போட்டியும் உண்டு. தோவாளைக்கு வரும் அரளியில் கணிசமான பங்கு சேலத்திலிருந்து லாரியில் வருகிறது. பிச்சிக்கு உள்ளூர்க்காரர் என்ற பலம் இருக்கிறது. காலையில் பறித்த பூ ஒரு மணி நேரத்தில் சந்தைக்கு வந்துவிடும், வெளியூர்ப் பூவால் அந்தப் புதுமையோடு மோத முடியாது. அரளி தாங்கும் பூ என்பதால் தூரம் அதற்குத் தடையில்லை. அங்கே வரத்து கூடினால் இங்கே விலை இறங்கும். தாங்கும் குணம் உங்களுக்கு வசதி. அதே வசதி சேலத்துக்காரருக்கும் இருக்கிறது.

மாணிக்க மாலையும் அரளி வயலும்

2025-இல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, 'இனி அரளிக்குத்தான் காலம்' என்று பேச்சு எழுந்தது. அந்த மாலையைப் பக்கத்தில் இருந்து கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வெள்ளரளி, செவ்வரளி, நடுவில் நொச்சி இலையின் பச்சை. ஒவ்வொன்றையும் மடித்து, தட்டையாக, இடைவெளி தெரியாமல் வரிசை பிடித்துக் கோக்கிறார்கள். முடிந்ததும் மாணிக்கக் கல் பதித்த பட்டைபோல் மின்னும். தோவாளையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வித்தை அது. அதற்குக் கிடைத்த மரியாதையில் இந்த மாவட்டத்தில் பிறந்த எனக்கும் பெருமை.

ஆனால் குறியீடு மாலைக்குத்தான், அரளி மூட்டைக்கு இல்லை. மாணிக்க மாலை கட்டுபவர்களுக்கு எல்லா அரளியும் ஆகாது. ஒரே அளவு, ஒரே நிறம், கறையில்லாத மொட்டு வேண்டும். சந்தையில் மூட்டையாகக் கொட்டி விற்றால் உங்கள் அரளியும் சேலத்து அரளியும் ஒரே விலைதான். மாலை கட்டும் குடும்பம் ஒன்றோடு நேரடியாகப் பேசி, அவர்கள் கேட்கும் நிறத்தில், கேட்கும் அளவில் தரம் பிரித்துக் கொடுக்க முடிந்தால் மட்டுமே குறியீட்டின் பலன் வயலுக்கு வரும். அப்படி ஒரு பேச்சு முடிந்திருந்தால், வரப்பில் நொச்சியும் நாலு செடி வைத்துவிடுங்கள். இலைக்கும் விலை உண்டு.

நிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து

ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் பார்த்தவருக்கு ஆனி முதல் ஆவணி வரை அடிக்கும் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்தக் காற்று மண்ணின் ஈரத்தை ஒரே நாளில் குடித்துவிடும். பிச்சியின் இளங்கொடி ஒன்றோடொன்று உரசி மொட்டு உதிரும். காற்று நேராக விழும் திறந்த வெளியில் மேற்குப் பக்கம் தடுப்பு இல்லாமல் பிச்சி வைப்பது வீண். அரளி அதே காற்றில் வளைந்து கொடுத்து நிற்கும்.

கடற்கரையை ஒட்டிய அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில், மணக்குடி, ராஜாக்கமங்கலம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அரளிதான். உப்பை அது தாங்கும். பிச்சியின் இலை நுனி கருகத் தொடங்கிவிடும்.

செண்பகராமன்புதூர், தோவாளை, மாதவலாயம் பக்கத்துச் செம்மண் பிச்சிக்கு நல்லது, தண்ணீர் தேங்காமல் இருந்தால். நெல் விளைந்த தாழ்ந்த வயலில் வைப்பதாக இருந்தால் முதலில் வடிகால் வெட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிச்சியின் வேர் சில நாள் தண்ணீரில் நின்றாலே அழுகல் பிடிக்கும். மழை நாளில் நனைந்த பூவுக்கு விலையும் குறையும்.

யாருக்கு எது

வீட்டில் விடியற்காலை பறிக்க மூன்று நான்கு பேர் இருந்து, நிலம் தோவாளைச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்து, கோடைக்குச் சொந்தத் தண்ணீரும் இருந்தால் தயங்காமல் பிச்சி வையுங்கள். கூலி வெளியே போகாத வீட்டுக்குப் பிச்சியைப்போல் கொடுக்கும் பூ இந்த மாவட்டத்தில் வேறில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேலும் பலன் தரும். அடுத்த தலைமுறை பறிக்க வருமா என்பதையும் இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் வீட்டில், ஐந்து வருடம் கழித்துப் பறிப்பது யார்?

கூலி ஆளை மட்டும் நம்பிப் பிச்சி வைக்க நினைப்பவர்களை நான் தடுக்கவே பார்ப்பேன். பறிகூலி கிலோ கணக்கில் கொடுக்கப்படுகிறது. விலை இறங்கினாலும் கூலி இறங்காது, இறங்கவும் கூடாது. விலை ஏறும் முகூர்த்த நாளில் எல்லாத் தோட்டக்காரரும் அதே ஆட்களைத்தான் தேடுவார்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, 'தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்' என்று நினைப்பவருக்குப் பிச்சி ஒத்துவராது.

அவர்களுக்கு அரளி ஏற்றது. தண்ணீர் குறைவு, காற்று அதிகம், உப்பு நீர், சந்தைக்குத் தினமும் போக முடியாத தூரம், வேறு வேலை இருக்கும் குடும்பம் ஆகியவற்றில் ஏதாவது இரண்டு பொருந்தினாலும் அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடையும் சின்னக் குழந்தையும் இல்லாத நிலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாத நிபந்தனை. ஆடு வளர்ப்பவர், ஆள் பலமும் இல்லை என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சம்பங்கியைப் பற்றி விசாரியுங்கள்.

இரண்டையும் சேர்த்து வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், பாதிக்குப் பாதி வேண்டாம். முப்பது சென்டில் பிச்சியும், மேற்கு எல்லையில் காற்றைத் தடுக்க இரண்டு வரிசை அரளியும் வைப்பது ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்குப் பொருத்தமான அமைப்பு. ஆடியில் பிச்சி கையைக் கடிக்கும்போது அரளி மாலைக்காரர் வருவார். அரளி வரிசைக்கும் முதல் பிச்சி வரிசைக்கும் இடையில் இரண்டு ஆள் அகலத்துக்கு இடம் விடுங்கள். இல்லாவிட்டால் நிழல் விழுந்து முதல் வரிசைப் பிச்சி பூக்காது. பறிக்கும்போது இரண்டுக்கும் தனித்தனிக் கூடை வேண்டும். அரளி பறித்த கூடையில் பிச்சியைப் போட வேண்டாம், தலையில் வைக்கும் பூ அது.

நடவுக்குத் தென்மேற்கு மழை தொடங்கும் ஆனி நல்ல காலம். சானலிலும் தண்ணீர் வந்திருக்கும். அதற்கு முன்னால், சித்திரையிலேயே, திருப்பதிசாரத்தில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுத்துவிடுங்கள். முடிவு கைக்கு வந்து, உப்பு அளவு சரியாக இருந்தால் மட்டும் பிச்சிப் பதியனுக்கு முன்பணம் கொடுங்கள்.